அப்ப எப்பிடித் தெரியும்?

ஐயா கேட்டது ஒரேயொரு கேள்வி தான். நான் அதுக்குச் சிரிச்சனான். அந்தச் சிரிப்புத் தான் இப்பவும் போட்டு அரிக்குது.

ஐயாவின்ர வண்டி மொரிஸ் மைனர் பிக்கப், பழைய ஸ்ரீ நம்பர். முன்பக்கம் முழுக்கக் கழட்டிக் கீழ பரப்பி வச்சிருக்கிறன், ட்ரனியன் ரெண்டும் ரின்னுக்குள்ள மண்ணெண்ணெயில ஊறுது, ஐயா வாசல்ல கிடந்த லொறி ரயருக்கு மேல இருந்து பாத்துக்கொண்டிருந்தவர், திடீரெண்டு கேக்கிறார், "தம்பி, இனி இது எவடத்தில சத்தம் போடும்?" எண்டு. நான் "இனிச் சத்தமே போடாது ஐயா, பஞ்சு மாதிரிப் போகும்" எண்டன். கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டு "அப்ப எப்பிடித் தெரியும்?" எண்டார். அதுக்குத் தான் சிரிச்சனான். என்னோட வேலை செய்யிற பெடியனும் சிரிச்சவன். ஐயாவும் சிரிச்சவர் எண்டு தான் நினைக்கிறன், ஆனா அதை இப்ப வடிவா ஞாபகப்படுத்த ஏலாமக் கிடக்கு.

மைனர் வச்சிருந்த ஆக்களுக்கு இது விளங்கும். முன் சில்லைத் தாங்கிறது மேலயும் கீழயும் மரை வெட்டின ட்ரனியன், அதுக்குக் கிறீஸ் அடிச்சுக்கொண்டே இருக்கோணும், விட்டா மரை தேஞ்சு ஒரு நாள் கீழ் ட்ரனியன் கழண்டு சில்லு மட்காட்டுக்குள்ள மடங்கி வண்டி மூக்கால குத்தும். ஆனா அதுக்கு முதல் சொல்லும். ஸ்ரியறிங் திருப்பேக்க ஒரு கடக், பள்ளத்தில ஒரு கிளிக். பின்பக்கமும் அப்பிடித் தான். அது கால் தொன் வண்டி, அதாவது 5 அந்தர், 254 கிலோ. ஐயா இங்க யாழ்ப்பாணத்தில நீர்வேலியில இருந்து திருநெல்வேலிச் சந்தைக்கு வாழைக்குலை ஏத்திறவர், அவருக்குத் தராசும் இல்லை கணக்கும் இல்லை. ஒழுங்கையால வந்து பருத்தித்துறை வீதியில ஏறுற இடத்தில ஒரு சின்ன பள்ளம் இருக்கு, அதில பின்னுக்கு டொக்கெண்டு ரப்பரில முட்டினா பாரம் கூடிட்டுது எண்டு அர்த்தம், நிப்பாட்டி ரெண்டு குலையை மதிலோட சாத்திப்போட்டுப் போவார். இதெல்லாம் அவர் எனக்கு முதலே சொன்ன கதை தான். கேட்டுக்கொண்டு தான் இருந்தனான். கேட்டுக்கொண்டே தான் மாத்தினனான்.

வேலையைத் தந்தது ஐயா இல்லை, கனடாவில இருக்கிற மகள். அவ முதல்ல அப்பாக்கு வேற ஒரு பிக்கப் எடுத்துக்குடுக்கத் தான் பாத்தவ, 2020இல வாகன இறக்குமதியை நிப்பாட்டினாப் பிறகு பழைய ஜப்பான் வண்டியளுக்கே வாய்க்கு வந்த விலை சொல்லத் தொடங்கிட்டினம். அதோட ஐயாவும் இதை விட்டு இறங்க மாட்டன் எண்டிட்டார். 90க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடையிருந்த காலத்தில ஸ்டார்ட் பண்ண மட்டும் சொட்டுப் பெற்றோல் விட்டிட்டு மிச்சத்துக்கு மண்ணெண்ணெயில ஓடின வண்டி, 95 இடப்பெயர்வில முழுக்குடும்பமும் நாவற்குழியால தென்மராட்சிக்குப் போனதும் இதில தானாம். அதுவும் மகள் சொல்லித் தான் தெரியும், ஐயா ஒரு நாளும் வாய் திறக்கேல்லை. "அண்ணா, அப்பாக்கு 78 ஆகுது, பிரேக்கும் ஷொக்கும் இந்தக் காலத்து வண்டி மாதிரி இருக்கோணும், காசைப் பாக்காதேங்கோ" எண்டவ. காசைப் பாக்காதேங்கோ எண்டு எங்கட தொழில்ல ஆரும் சொல்லிக் கேட்டதில்லை. அதில நானும் கொஞ்சம் எடுபட்டுப் போனன், பொய் சொல்லக்கூடாது.

மகள் கேட்டதில பிழையும் இல்லை. மைனரில பிரேக் ஒரே லைன், எங்கயாவது ஒரு இடத்தில ஒயில் கசிஞ்சா நாலு சில்லுக்கும் பிரேக் இல்லை. மாஸ்டர் சிலிண்டர் ட்ரைவரின்ர காலுக்குக் கீழ செசிக்குள்ள, அதாவது வண்டியின்ர அடிச்சட்டத்துக்குள்ள, ஒளிச்சு வச்சிருக்கிறாங்கள், போல்டைக் கழட்டுறதெண்டா முன்பக்கத்துக்கு ஸ்பிரிங்கா நிக்கிற டோர்ஷன் பார் குறுக்க நிக்கும், அதால ஆரும் அதைத் தொடுறதில்லை, தொடாமலே பழுதாகும். லீவர் ஆம் ஷொக் எப்பவோ ஒயிலைக் கக்கிச் செத்துப்போச்சு. இதை அப்பிடியே விட்டிட்டுக் கிறீஸ் மட்டும் அடிச்சு அனுப்பியிருந்தா, நாளைக்கு ஒண்டு நடந்தா அப்பவும் என்னைத் தானே கேப்பினம்?

வேலை ரெண்டு மாதம். முன்னுக்குப் போட்டது ஒரு சின்ன ஜப்பான் வானின்ர குறொஸ் மெம்பர், அதாவது முன் குறுக்குச் சட்டம், அதோட கொயில் ஸ்பிரிங், பால் ஜொயின்ற், டிஸ்க் பிரேக். அகலம் கூட, நடுவில வெட்டி ஒடுக்கினனாங்கள். நூல் பிடிச்சு மூலைக்கு மூலை அளந்து, ரெண்டு குறுக்கும் சமனா வரும் வரைக்கும் டாக் அடிச்சு, அதாவது பொட்டுப் பொட்டா ஒட்டி ஒட்டிக் கழட்டினது எத்தினை தரமெண்டு எனக்கே தெரியாது. ஸ்ரியறிங் றாக் அரை இஞ்சி மேல நிண்டாலும் சில்லு எழும்பேக்க தானாத் திரும்பும், பள்ளத்தில விழுந்தா வண்டி ஒரு பக்கம் இழுக்கும், அதைச் சரிக்கட்டவே ஒரு கிழமை போச்சு. சில்லும் அப்பிடித் தான், மைனருக்கு நட்டுவட்டம், சில்லு நட்டுகள் நிக்கிற வட்டம், 4 இஞ்சி, 101.6 மில்லிமீற்றர், இந்த ஹப் 100. ஒண்டரை மில்லி தானே எண்டு நட்டை இறுக்கி ஏத்திற ஆக்கள் இருக்கினம், ஸ்டட் மெல்ல மெல்ல வளைஞ்சு ஒரு நாள் சில்லு முன்னால ஓடும், நாங்கள் பின்னால ஓடவேண்டி வரும். நான் ஹப்பைத் திரும்பத் துளைச்சு ஸ்டட் மாத்தினனான். இதையெல்லாம் ஏன் எழுதிறன் எண்டா, நான் அரைகுறை வேலை செய்யிற ஆள் இல்லை எண்டு காட்டத் தான், வேற ஒண்டுக்கும் இல்லை.

பின்னுக்குத் தடிச்ச லீப் ஸ்பிரிங், நிமிந்து நிக்கிற ஷொக். அந்த ஷொக்கின்ர மேல் தலையைப் பிடிக்கச் செசிக்குக் குறுக்கால ஒரு பைப், அது நிக்கிற இடத்துக்கு ரெண்டு பக்கமும் பிளேற். முழுச் செசியையும் மாத்தியிருந்தா இந்த ஒட்டு வேலை வந்திருக்காது, ஆனா பதிஞ்ச செசியை மாத்தினா நம்பர், திணைக்களம், இன்ஸ்பெக்ஷன் எண்டு அது வேற உபத்திரவம். அதால பழசிலயே ஒட்டினன். ஒட்ட முதல் முழு நீளத்துக்கும் சுத்தியலால தட்டிப் பாத்தனான், நல்ல இரும்பு கணீரெண்டும், உக்கினது பொத்தெண்டும். பொத்தெண்டின இடமெல்லாம் வெட்டி எறிஞ்சன். பிளேற்றின்ர நுனியை மீன் வாய் மாதிரி வெட்டித் தான் ஒட்டோணும், நேரா குறுக்கால இழுத்து ஒட்டினா விறைப்பு முடியிற கோட்டிலயே பிறகு வெடிக்கும், இது எனக்கு வேலை பழக்கின பாஸ் முதல் வருசமே சொல்லித்தந்தது. வெளிப்பக்கம் மீன் வாய் வெட்டினன். உள்பக்கம், இடது பின், கை போகேல்லை. நேரா இழுத்து விட்டிட்டன்.

இதை நான் இது வரைக்கும் ஒருத்தருக்கும் சொன்னதில்லை.

வண்டி போகேக்க ஐயா ஒண்டும் பெரிசாச் சொல்லேல்லை. "சொகுசாத் தான் கிடக்கு" எண்டார். ரெண்டாம் மாசம் கல்வியங்காட்டடியில ஒழுங்கைக்குள்ளால ஒருத்தன் மோட்டார் சைக்கிளைக் குறுக்க விட்டவனாம், பழைய பிரேக்கெண்டா அந்தப் பெடி உயிரோட இல்லை எண்டு அவரே வந்து சொன்னவர். அண்டைக்கு எனக்கு இருந்த சந்தோசத்தில பெடியனுக்குக் கொத்துரொட்டி வாங்கிக் குடுத்தனான்.

நாலாம் மாசம் இருபாலைச் சந்தியில வண்டி இடப்பக்கம் சரிஞ்சு குந்தியிட்டுது. காலமை நேரம், மெதுவாத் தான் வந்தவர், ஆருக்கும் ஒரு கீறல் இல்லை, குலையள் தான் றோட்டில. நான் போய்ப் படுத்துப் பாத்தன். இடது பின், லீப் பிடிக்கிற ஹாங்கருக்குக் கிட்டச் செசி வெடிச்சிருந்தது. என்ர பிளேற் முடியிற இடத்தில இருந்து ஒரு விரல் தள்ளி. வெடிப்புக்குள்ள பாதி பழைய கறள், பாதி புது மினுக்கம்.

ஒரு விரல் தள்ளி எண்டது எனக்குச் சாதகமோ பாதகமோ எண்டு இப்பவும் விளங்கேல்லை. பழைய கறள் இருந்தா முதலே உள்ளுக்கு வெடிப்பு இருந்திருக்கு, அப்ப நான் தட்டேக்க ஏன் கேக்கேல்லை? பாரம் எவ்வளவெண்டு பாத்தா, குலையளை எண்ணினா, என்ர கணக்குக்கு 8 அந்தருக்குக் குறையாது. தடிச்ச லீப் போட்டாப் பிறகு பின்னுக்கு இறங்கிறதே இல்லை, அந்தப் பள்ளத்தில ரப்பரில முட்டிறதும் இல்லை. ஏத்த ஏத்த ஏத்தியிருக்கிறார். ஏன் ஐயா இவ்வளவு ஏத்தினனீங்கள் எண்டு வாய் வரைக்கும் வந்திட்டுது.

அவர் மதிலடியில சாறத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு நிண்டவர். என்னைப் பாத்து, "சத்தம் ஒண்டும் வரேல்லைத் தம்பி" எண்டார்.

அவ்வளவு தான். குரல்ல கோவம் இல்லை. நடந்ததைச் சொன்னாரோ, அண்டைக்குக் கேட்ட கேள்விக்கு மறுமொழி சொன்னாரோ, எனக்குத் தெரியாது. சில நாள் அது வெறும் தகவல் எண்டு படும், வயசான மனுசன் வேற என்னத்தைச் சொல்லுறது. சில நாள் இரவில முகத்தில அறைஞ்ச மாதிரி இருக்கும். இன்னொண்டும் யோசிக்கிறன், சத்தத்தை நம்பி ஓடிறது எத்தினை பேரைச் சாகடிச்சிருக்கு? ட்ரனியன் கழண்ட எல்லாரும் முதல் சத்தம் கேட்ட ஆக்கள் தானே, கேட்டும் நாளைக்குப் பாப்பம் எண்டு விட்ட ஆக்கள். ஆனா ஐயா அப்பிடி விடிற ஆள் இல்லையே, குலையை இறக்கி வச்சிட்டுப் போறவர். நானும் செசியைத் தட்டிச் சத்தத்தில தான் பாக்கிறன். அப்ப அண்டைக்கு எதுக்குச் சிரிச்சனான்?

காசு வாங்காமத் திரும்ப ஒட்டிக் குடுத்தன். உள்பக்கமும் மீன் வாய், படுத்துக் கிடந்து கிறைண்டரைப் பிரட்டிப் பிரட்டி ஒரு முழு நாள். மகளுக்கு "பாரம் கூடிட்டுது" எண்டு மட்டும் தான் சொன்னனான். அது பொய்யில்லை. அவ அப்பாவை ஏசியிருப்பா, அதையும் நினைக்க ஒரு மாதிரித் தான் இருக்கு.

ஐயா இப்பவும் மாதம் ஒருக்கா கிறீஸ் அடிக்க வாறவர். முன்னுக்கு இப்ப கிறீஸ் அடிக்கிற நிப்பிளே இல்லை, பால் ஜொயின்ற் எல்லாம் சீல் பண்ணினது, அது அவருக்கும் தெரியும் எண்டு தான் நினைக்கிறன். நான் கிறீஸ் கன்னோட கீழ போய், பின்னுக்கு ஷாஃப்ற் ஜொயின்ற்றுக்கு ரெண்டு அடி அடிச்சுப்போட்டு, சுத்தியலை எடுத்துச் செசியைத் தட்டிக்கொண்டு போவன். போன கிழமையும் வந்தவர். நான் கீழ கிடக்கேக்க மேல இருந்து, "என்ன தம்பி சொல்லுது?" எண்டு கேட்டவர். இடப்பக்கம் கணீரெண்டுது. வலப்பக்கம் ஒரு இடத்தில எனக்கு வடிவாக் கேக்கேல்லை, பெடியன் பக்கத்தில கிறைண்டர் போட்டிட்டான். அதை நிப்பாட்டடா எண்டு கத்திப்போட்டு, பிறகும் தட்டினன்.