விஷ்னியெஃப்ஸ்கி: எந்த ஊர்க்காரர்?

போலந்தில் அதிகம் புழங்கும் குடும்பப்பெயர்களில் நோவாக், கோவால்ஸ்கி இரண்டுக்கும் அடுத்தது விஷ்னியெஃப்ஸ்கி (Wiśniewski). போலிஷ் மொழியில் 'விஷ்னியா' என்பது புளிப்புச் செர்ரி. இனிப்புச் செர்ரிக்குப் பெயரே வேறு, 'செரெஷ்னியா'. இதை வைத்து 'செர்ரித் தோட்டக்காரர்' என்று பொருள் சொல்லிவிடுவது அவசரம். பழத்துக்கும் பெயருக்கும் நடுவில் ஓர் ஊர் இருக்கிறது. மரத்தால் விஷ்னியெவோ, விஷ்னியெவ் என்று ஊர்ப்பெயர் அமைந்தது; அதோடு '-ஸ்கி' சேர, அவ்வூரைச் சேர்ந்தவர் என்றாயிற்று. விஷ்னியோவா என்ற ஊரிலிருந்து வருவது விஷ்னியோஃப்ஸ்கி. ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் தேட வேண்டிய ஊர் வேறு.

'-ஸ்கி' என்றாலே பிரபு வம்சம் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. தொடக்கத்தில் நிலவுடைமைப் பிரபுக்கள்தான் தங்கள் ஊரை இப்படிப் பெயராக்கினார்கள். பின்னாளில் நகரத்தாரும் குடியானவர்களும் அதே விகுதியை ஏற்றுக்கொண்டார்கள். விஷ்னியெவோ என்ற பெயரில் ஊர்களும் பல. ஆகவே ஒரே பெயர்க்காரர்கள் உறவினர்களாக இருக்க வேண்டியதில்லை. குலச்சின்னமும் சான்றாகாது, போலந்தில் ஒரே சின்னத்தை உறவில்லாத பல குடும்பங்கள் வைத்திருந்தன. பெயரை மட்டும் பார்த்துச் சின்னம் அச்சடித்துத் தருபவர்களிடம் காசு கொடுக்காதீர்கள்.

வரைபடத்தில் விஷ்னியெவோவைத் தேடிக் கிளம்பினால் வழி தவறும். முதலில் முன்னோர் ஞானஸ்நானம் பெற்ற பங்கை, அதாவது தேவாலய வட்டாரத்தைக் கண்டுபிடியுங்கள். கிராமத்துப் பதிவு பக்கத்து ஊர்த் தேவாலயத்தில் இருப்பது சகஜம். 'கெனெதேகா' என்ற இலவச இணைய அட்டவணையில் மாகாணம், பங்கு வாரியாகத் தேடலாம். பெண்கள் 'விஷ்னியெஃப்ஸ்கா' என்றே பதிவாகியிருப்பார்கள். அதை வேறு குடும்பம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். புலம்பெயர்ந்தவர்களின் ஆவணங்களில் 'எஸ்' மேலிருக்கும் கோடு உதிர்ந்திருக்கும். கோடு இல்லாமலும் தேடுங்கள்.

ரஷ்ய ஆட்சியிலிருந்த பகுதிகளில் சிக்கல் மொழியில். 1808 முதல் போலிஷில் நீண்ட பத்திகளாக எழுதப்பட்ட பதிவுகள் 1868-இல் ரஷ்ய மொழிக்கு மாறின. பெயரும் சிரிலிக் எழுத்தில்தான் இருக்கும். அவற்றில் தேதி இரண்டு இருக்கும்: ஒன்று ரஷ்யாவின் பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி, மற்றது இன்றைய கிரிகோரியன் நாட்காட்டிப்படி. 19-ஆம் நூற்றாண்டில் ஜூலியன் தேதி 12 நாள் பின்தங்கியது. குடும்ப மரத்தில் பிந்திய தேதியை, அதாவது கிரிகோரியனை எழுதுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் ஒரே குழந்தை இரண்டு பேராகிவிடும்.