கறண்ட் குக்கரும் வன்னிக் கிணற்றுத் தண்ணியும்

கறண்ட் பிறசர் குக்கர் வாங்கினால் சமையல் பறக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 15 நிமிசம் என்று அமத்தினாலும் அமுக்கம் பிடிக்க ஒரு 10 நிமிசம், பிறகு அது தானாய் அடங்க இன்னொரு 10, 15 நிமிசம் போகும். மிச்சம் பிடிப்பது நேரமில்லை, ஆள். விசில் எண்ணத் தேவையில்லை, நெருப்புத் தணிக்கத் தேவையில்லை. மூடிவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணி மாறப் போகலாம்.

பொழுதுபட்டால் கறண்ட் இறங்கும் வீடுகளில் பயப்படாதேங்கோ. 230 வோல்ட் 180 ஆனால் 1000 வாட் குக்கர் 600 வாட் அளவில்தான் வேலை செய்யும். சூடேறச் சுணங்கும், அவ்வளவுதான். நேரக்கணக்கு அமுக்கம் பிடித்த பிறகே தொடங்குவதால் சோறு வேகாமல் விடாது.

சிவப்புக் குத்தரிசி 1 சுண்டுக்குத் தண்ணி ஒன்றே முக்கால் சுண்டு, 18 நிமிசம். குழைந்தால் அடுத்த முறை தண்ணியைக் குறையுங்கோ, நேரத்தை இல்லை.

கடலைதான் சோதனை. ஊறின கொண்டல்கடலைக்கு 15 நிமிசம் போதும் என்று புத்தகத்தில் இருக்கும். எங்கட கிணறுகள் பலதில் சுண்ணாம்பு கூட. அந்தக் கல்சியம் கடலைத் தோலை இறுக்கிவிடும், 25 நிமிசத்துக்கும் நறுக்கென்று கடிபடும். இரவு ஊறவைக்கும் தண்ணியில் கால் தேக்கரண்டி அப்பச்சோடா போட்டு, காலையில் கழுவி, மழைத்தண்ணி அல்லது சுண்ணாம்பு நீக்கின தண்ணியில் அவியுங்கோ. பாத்திரத்தில் பாதிக்கு மேல் போடக்கூடாது. நுரை எழும்பி வால்வை அடைக்கும்.

ஆட்டிறைச்சிக் கறிக்கு வெங்காயம் வதக்கினதும் அடியில் ஒட்டினதை ஒரு கோப்பைத் தண்ணி விட்டுச் சுரண்டி எடுக்கவேணும். விட்டால் அடி சூடாகி, மெசின் கருகுது என்று நிண்டுவிடும். தூளை மேலே தூவுங்கோ, கிளறாதேங்கோ. தேங்காய் முதல்பால் விடுவது மூடி திறந்த பிறகுதான். அமுக்கத்தில் பால் திரைந்து எண்ணெய் பிரியும்.

மூடி ஓரத்தால் ஆவி வந்து, அமுக்கம் பிடித்ததைக் காட்டும் மூடி ஊசி மேலே எழும்பாவிட்டால் முதலில் றப்பர் வளையத்தைப் பாருங்கோ. வளையம் இரண்டு வைத்திருப்பது நல்லது. இறைச்சி மணம் ஏறின வளையத்தோடு பாற்சோறு வைத்தால் யாரும் வாய் வைக்க மாட்டினம். உள்பாத்திரத்தை வைக்கமுன் அடியைத் துடையுங்கோ. சூட்டுத் தட்டில் கிடக்கும் ஒரு சோற்றுப் பருக்கை போதும், பாத்திரம் சரியாய்ப் பதியாது.

உள்ளே வெள்ளையாய்ப் படிஞ்சால் தேசிக்காய் ஒன்றைப் பிழிந்து, இரண்டு கோப்பைத் தண்ணியோடு 5 நிமிசம் ஓடவிடுங்கோ.