நிறைந்தே திரும்பும் தண்ணீர்ப் பாட்டில்

செப்டம்பர் 8, திங்கள்

இன்றும் மகளின் தண்ணீர்ப் பாட்டில், காலையில் நான் நிரப்பிக் கொடுத்த அளவு குறையாமல் திரும்பி வந்திருக்கிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

தலை வாரிவிடும்போது அவளாகவே சொன்னாள். பாடவேளையில் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டால், "இடைவேளையில் என்ன செய்தாய்?" என்று எல்லோர் முன்பும் கேட்கிறார்களாம், இடைவேளையிலோ வரிசை நகர்வதற்குள் மணி அடித்துவிடுகிறதாம். அதனால் தண்ணீரே குடிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறாள். ஏழு வயதுக் குழந்தை இதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. சிறுநீரை அடக்குவதும் நீர் குறைவாகக் குடிப்பதும் தொற்று வரக் காரணமாகலாம் என்று சென்ற மாதம் மருத்துவர் சொன்னபோது, நான் அவளைத்தான் கடிந்துகொண்டேன்.

செப்டம்பர் 10, புதன்

பள்ளி வாசலில் வகுப்பாசிரியையைப் பார்த்தேன். அப்போதே கேட்டுவிட வேண்டும் என்று வாய் வரை வந்ததை அடக்கிக்கொண்டேன். பிள்ளைகள் சூழ நிற்பவரிடம் கேட்டால் அவர் தம்மைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். மாலையில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நான்கு வரி எழுதி, அனுப்பாமல் அழித்தேன். அவரிடம் நேரில் சொல்ல வேண்டியது, பலர் வாய் மாறி அவரைச் சென்றடையக் கூடாது.

செப்டம்பர் 11, வியாழன்

கடிதத்தை மூன்று முறை எழுதினேன். முதல் பிரதியில் "அலட்சியம்", "எப்போது பார்த்தாலும்" என்ற சொற்கள் இருந்தன. அவற்றை அடித்துவிட்டு, அவளுக்கு நினைவிருந்த இரண்டு நாட்களின் தேதியையும் நடந்ததையும் மட்டும் எழுதினேன். அவள் சொன்னதை அவள் சொன்னதாகவே குறிப்பிட்டேன், ஏனெனில் நான் அங்கே இல்லை. மருத்துவர் குறிப்பின் நகலை இணைத்து, வகுப்பில் இதற்கு என்ன விதி இருக்கிறது என்று கேட்டு, நேரில் பேச இருபது நிமிடம் வேண்டினேன்.

அனுப்புமுன் அவளுக்குப் படித்துக் காட்டினேன். தான் அழுத வரியை எடுத்துவிடச் சொன்னாள், எடுத்துவிட்டேன். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில், தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தையின் கருத்துக்கு இடம் தர வேண்டும் என்று 12ஆம் பிரிவும், பள்ளி ஒழுங்கு குழந்தையின் மாண்புக்கு இசைந்திருக்க வேண்டும் என்று 28ஆம் பிரிவும் சொல்கின்றன. பள்ளிக்கு எழுதிய கடிதத்தில் அதைச் சேர்க்கவில்லை. முதல் கடிதத்திலேயே சட்டம் பேசினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

செப்டம்பர் 12, வெள்ளி

பதில் இல்லை, பாட்டில் நிறைந்தே வந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

கேட்டதற்காக அவளிடம் கடுமை காட்டினால் என்ன செய்வது? இந்த ஒரு கேள்வி இரவு முழுவதும் தூங்கவிடவில்லை. வகுப்பில் ஆறு மணி நேரம் உட்காரப் போவது அவள்தான், நான் அல்ல. கடிதம் எழுதியது அவசரமோ என்று தோன்றுகிறது, உடனே அந்தப் பாட்டிலின் கனமும் கையில் நினைவுக்கு வருகிறது. பேசாமல் விட்டாலும் அவள்தானே விலை கொடுக்கிறாள்? அவள் காதுபட ஆசிரியையைக் குறை சொல்ல வேண்டாம் என்று கணவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். நாளையும் அவள் அந்த ஆசிரியையை நம்பித்தான் படிக்க வேண்டும்.

செப்டம்பர் 15, திங்கள்

புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 17, புதன்

கணவரும் நானும் போனோம். ஆசிரியை சொன்னது எனக்குத் தெரியாத செய்தி: சில வாரங்களுக்கு முன் பாடவேளையில் வெளியே போன ஒரு குழந்தை ஈரத் தரையில் வழுக்கி விழுந்து அடிபட்டதாம், அதன்பிறகே கண்டிப்பு கூடியதாம். அந்தப் பயம் நியாயமானதுதான். "உங்கள் மகள் தண்ணீர் குடிப்பதில்லை என்பதை நான் கவனிக்கவில்லை" என்று அவர் சொன்னபோது, அவர் குரலும் தாழ்ந்துவிட்டது.

இனி கதவருகே ஓர் அட்டை தொங்கும். தேவைப்படும் குழந்தை அதை எடுத்துக்கொண்டு போய்வரலாம், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். அட்டை ஒன்றுதான் என்பதால் ஒரு நேரத்தில் ஒருவரே வெளியே இருப்பார், யார் என்பதும் ஆசிரியைக்குத் தெரியும். பேசி முடிவானதை இரவே சுருக்கமாக எழுதி, 26ஆம் தேதி மீண்டும் பேசலாம் என்று சேர்த்து, நன்றியுடன் அனுப்பினேன்.

செப்டம்பர் 18, வியாழன்

பாட்டிலில் கால் பங்கு குறைந்திருக்கிறது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்.

செப்டம்பர் 22, திங்கள்

மீண்டும் நிறைந்து வந்தது. வகுப்பாசிரியை விடுப்பில் இருந்தாராம். அவருக்குப் பதிலாக வந்தவர் அட்டையைத் தொட்டவளை உட்காரச் சொல்லிவிட்டாராம்.

செப்டம்பர் 23, செவ்வாய்

இதற்கும் கடிதமா என்று கணவர் கேட்டார். ஓர் ஆசிரியைக்கு மட்டும் தெரிந்த ஏற்பாடு அவர் வராத நாளில் இல்லாமல் போய்விடுகிறதே என்றேன். வகுப்பாசிரியைக்கு எழுதி, தலைமையாசிரியைக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். மேலே புகார் சொல்வதாக எண்ண வேண்டாம், எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிவிக்கத் தலைமையாசிரியையால்தான் முடியும் என்று வகுப்பாசிரியைக்கு முதல் வரியிலேயே விளக்கியிருக்கிறேன்.

செப்டம்பர் 24, புதன்

விதியைக் கதவிலேயே எழுதி ஒட்டப்போவதாகத் தலைமையாசிரியையிடமிருந்து பதில் வந்தது. அவளிடம் சொன்னேன். எழுத்து பெரிதாக இருக்குமா, புதிதாக வருபவர்களுக்கும் தெரியுமா என்று கேட்டாள். 26ஆம் தேதி கேட்க வேண்டியவற்றில் அதை முதலில் எழுதி வைத்திருக்கிறேன்.