பிரசங்கத்திற்கு முன் வாசிப்பு

தேவசெய்தி கொடுக்க ஆயத்தப்படும் இளம் ஊழியர்கள் பலர், குறிப்பு எழுதுவதற்குப் பல மணி நேரம் செலவிட்டும், வேதபகுதியைச் சத்தமாக வாசித்துப் பழகாமலேயே பிரசங்க பீடத்தில் ஏறிவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம். வேதாகமத்தில் நெகேமியா 8:8இல், லேவியர் என்னும் ஆலய ஊழியர்கள் நியாயப்பிரமாணத்தை (மோசேயின் சட்டநூலை) தெளிவாக வாசித்து, அர்த்தம் சொல்லி, மக்களுக்கு விளங்கச் செய்தார்கள் என்று காண்கிறோம். அங்கே வாசிப்புதான் முதலில் வருகிறது.

சென்ற மாதம் 23ஆம் சங்கீதத்தை வாசித்துக் கைபேசியில் பதிவுசெய்து கேட்டபோது, ஒவ்வொரு வசனத்தின் கடைசிச் சொல்லும் என் தொண்டைக்குள்ளேயே அமிழ்ந்துபோயிருந்ததை உணர்ந்தேன். அதன்பின், வாக்கியம் முடியும்வரை மூச்சு மிஞ்சும்படி, காற்புள்ளி வரும் இடங்களில் நிதானித்து மூச்செடுக்கப் பழகிவருகிறேன். (திக்குவாய் என்று தயங்கிய மோசேயையும் தேவன் அனுப்பவே செய்தார்.) இந்த வாரம் ரோமர் 8ஆம் அதிகாரத்தை, அதன் நீண்ட வாக்கியங்களுக்காகவே, எடுத்திருக்கிறேன்.