அனுப்பாத ராஜினாமா

கலிபோர்னியாவில் நான் வேலை பார்த்த மருத்துவமனையிலிருந்து வந்த கடிதத்தின் தலையில் 'ரகசியம், சாட்சியச் சட்டம் பிரிவு 1157' என்று இருந்தது. பித்தப்பை ஆபரேஷனில் பித்தநாளம் வெட்டுப்பட்ட என் கேஸ், பியர் ரிவ்யூ கமிட்டிக்குப் போகிறதாம். சக டாக்டர்கள் உட்கார்ந்து நம் வேலையை அலசும் குழு. நோயாளி இன்னொரு ஆபரேஷனுக்குப் பின் தேறிவிட்டார். எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

அன்று ராத்திரியே ராஜினாமா எழுதிவிட்டேன். நல்லவேளை, அனுப்புமுன் ஒரு வக்கீலைக் கூப்பிட்டேன். "இது வெறும் கேஸ் அலசலா, இல்லை முறைப்படி விசாரணையே ஆரம்பித்துவிட்டார்களா?" என்றார். விசாரணை நடக்கும்போது விலகினால், தப்பு நிரூபணமாகாவிட்டாலும், அந்த விலகலையே தேசிய மருத்துவர் தரவு வங்கிக்குத் தெரிவித்தாக வேண்டுமாம். டாக்டர்கள் மேல் எடுத்த நடவடிக்கைகளைப் பதிந்து வைக்கும் அமைப்பு, 1990 முதல் இயங்குகிறது. புதிதாக எந்த மருத்துவமனையில் சேரப் போனாலும் அதைப் பார்க்காமல் விடமாட்டார்கள்.

அடுத்த கேள்வி: "யாருக்காவது வாட்ஸ்அப் அனுப்பினீர்களா?" அனுப்பியிருந்தேன். மதுரையில் கூடப் படித்தவனுக்கு, மூன்று பாரா. கமிட்டியின் பதிவுகளை நோயாளி தரப்பு வழக்குப் போட்டுக் கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை; என் புலம்பலுக்கு அந்தக் காப்பு கிடையாது. "இனி அனுப்பாதீர்கள், அனுப்பியதை அழிக்கவும் செய்யாதீர்கள்." நோயாளியின் மருத்துவப் பதிவுக்கும் இந்த ரகசியம் பொருந்தாது. அது அவருடையது, நியாயம்தான்.

என்னை உறுத்தியது வேறு. கமிட்டியில் இருவர் அதே ஊரில் எனக்குப் போட்டியாகத் தொழில் செய்பவர்கள். ஓரிகான் மாநிலத்து அஸ்டோரியாவில் பாட்ரிக் என்ற சர்ஜன், போட்டி டாக்டர்கள் ரிவ்யூவை வைத்தே தன்னை ஒழிக்கப் பார்த்தார்கள் என்று வழக்காடி, 1988ல் சுப்ரீம் கோர்ட் வரை போய் ஜெயித்திருக்கிறார். ஆனால் 1986ல் வந்த சட்டப்படி, உண்மைகளை விசாரித்து, நோட்டீஸ் கொடுத்து, பேச வாய்ப்பும் கொடுத்து நியாயமாக நடவடிக்கை எடுத்தால், கமிட்டிக்காரர்களிடம் பெரும்பாலும் நஷ்டஈடு கேட்க முடியாது.

கூட்டத்தில் ஆபரேஷன் வீடியோவை ஒரு இடத்தில் நிறுத்தினார்கள். போட்டிக்காரர்களில் ஒருவர் கேட்டார்: "கிளிப் போடுமுன், பித்தப்பைக்குள் போவது இரண்டே குழாய்கள்தான் என்று பார்த்தீர்களா?"

"பார்த்ததாக நினைத்தேன். பார்க்கவில்லை."

கோர்ட்டுக்குப் போகும் பேச்சென்றால் வக்கீல் இதைச் சொல்ல விட்டிருக்கமாட்டார். கேள்வி கேட்டவர் தலையாட்டிவிட்டு, தன் கேஸ் ஒன்றைச் சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன்.

அடுத்த பத்து கேஸ்களின் வீடியோவைப் பின்னால் பார்ப்பதோடு சரி என்று முடிந்தது. தரவு வங்கிக்கு எதுவும் போகவில்லை. "என்னாச்சுடா?" என்று மதுரைக்காரன் கேட்டுக்கொண்டே இருந்தான். "உயிரோட இருக்கேன்" என்று மட்டும் பதில் போட்டேன்.