அம்மாவின் சிவப்பு மருந்தும் தைப்பூசமும்

சினைப்பைப் புற்றுநோய் திரும்பி வந்தபோது அம்மாவுக்கு லிப்போசோமல் டாக்சோரூபிசின் எழுதிக் கொடுத்தார்கள். பெயர் வாயில் நுழையாததால் அம்மா அதற்கு ‘சிவப்பு மருந்து’ என்று பெயர் வைத்துவிட்டார். நிறமும் அப்படித்தான்.

சாதாரண டாக்சோரூபிசின் ரொம்பப் பழைய மருந்து, ஆனால் இதயத்தைப் பதம் பார்க்கும். அதையே சுமார் 100 நானோமீட்டர் கொழுப்பு உருண்டைக்குள் அடைத்து (ஒரு தலைமுடியின் குறுக்கே ஏறக்குறைய ஆயிரம் வரிசையாக நிற்கும்), உடம்பின் காவல் செல்கள் சட்டென்று விழுங்கிவிடாதபடி மேலே ஒரு பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். 1995இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கிய முதல் நானோ மருந்து இதுதான். இதயத்துக்குப் பாதிப்பு குறைவு, முடியும் அவ்வளவாகக் கொட்டாது. ஆனாலும் தொடங்கும் முன் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தே ஆகவேண்டும்.

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து விடிகாலையில் பாலம் தாண்டிப் பினாங்குத் தீவிலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருந்தைக் குளுக்கோஸ் தண்ணீரில்தான் கலப்பார்கள், உப்புத் தண்ணீர் ஆகாது. மிக மெதுவாகத்தான் ஏற்றினார்கள், அப்படியும் பத்து நிமிடத்தில் அம்மாவின் முகம் சிவந்து, முதுகு வலிக்கிறது, மூச்சு முட்டுகிறது என்றார். எனக்கு உயிரே இல்லை. மிஸ்ஸி (நர்ஸ்) ஓடிவந்து நிறுத்தினார், அடங்கியதும் இன்னும் மெதுவாக ஏற்றினார், சரியாகிவிட்டது. பெரும்பாலும் முதல் தடவைதான் இப்படியாம், அடுத்தடுத்து வரவில்லை. அன்று இரவு சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதைப் பார்த்து அம்மா ரத்தம் என்று அலறிவிட்டார், மருந்தின் நிறம்தான். இதை முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

உண்மையான தொல்லை இரண்டாவது தடவைக்கு அப்புறம். உள்ளங்கையும் பாதமும் சிவந்து, எரிந்து, தோல் உரிந்தது. உருண்டைகள் நாள்கணக்கில் ரத்தத்தில் சுற்றுவதால், சூடும் அழுத்தமும் படுகிற இடத்தில் மருந்து கசிந்து சேர்கிறதாம். மருந்து ஏற்றிய சில நாளைக்குச் சுடுதண்ணீரில் பாத்திரம் கழுவக் கூடாது, இறுக்கமான செருப்பு கூடாது, துணி பிழியக் கூடாது. அம்மாவை அடுப்படியிலிருந்து வெளியேற்றுவது கீமோவை விடக் கஷ்டம். மூன்றாவது தவணையை இரண்டு வாரம் தள்ளிப்போட்டார்கள்.

அந்த இடைவெளியில் தைப்பூசம் வந்தது. பால்குடம் எடுத்து வெறுங்காலோடு பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறுவதாக அம்மாவுக்கு வேண்டுதல். சுடுகிற தார்ரோடு, அதற்கு மேல் 500க்கும் அதிகமான படி. “முருகன் பார்த்துக்குவான்” என்றார். “டாக்டரும் கொஞ்சம் பார்க்கட்டும்மா” என்றேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

கடைசியில் பால்குடத்தை நான் எடுத்தேன். அம்மா முகக்கவசம் போட்டுக்கொண்டு தெரிந்தவர்கள் போட்ட தண்ணீர்ப்பந்தலில் உட்கார்ந்து, ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு விட்டு போவோர் வருவோருக்கெல்லாம் பானம் எடுத்துக் கொடுத்தார். கைக்கு ஒத்தடமும் ஆச்சாம்.