சம்பங்கியும் பித்தளைச் செம்பும்: எண்ணெய் வண்ணப் படம் இதுவரை

முந்தைய படத்தில் செம்பு நட்டநடுவில் நின்றது. பூக்கள் இருபுறமும் சரிபாதியாகப் பிரிந்திருந்தன. இந்த முறை செம்பைச் சற்று வலப்பக்கம் தள்ளி, நீளமான தண்டு ஒன்றை இடப்பக்கம் மேல்நோக்கிச் சாய்த்தேன். அதற்கு எதிர்மூலையில், மேசை விளிம்பருகே உதிர்ந்த பூக்கள். இப்போது கண் மொட்டு நுனியில் தொடங்கி, தண்டு வழியே இறங்கி, செம்பின் கழுத்தைத் தொட்டுக் கீழே கிடக்கும் பூவில் போய் நிற்கிறது.

இந்தச் சாய்கோட்டை நெதர்லாந்து ஓவியர் ராகெல் ரைஸின் (1664–1750) படங்களிலிருந்துதான் கற்றேன். அவருடைய கொத்துகளில் தண்டுகள் வளைந்து நெளிந்து மூலைக்கு மூலை ஓடும்; எல்லாப் பூவும் நம்மையே பார்த்துக்கொண்டிருக்காது. நானும் ஒரு பூவைப் பின்பக்கம் தெரியும்படி திருப்பி வைத்தேன். அந்த ஒன்றிலேயே கொத்துக்கு ஆழம் வந்துவிட்டது.

அதிக நேரம் எடுத்தது வெள்ளைதான். ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுகிறது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், நிழலில் இருக்கும் இதழ் வெளிச்சம் பட்ட பித்தளையைவிடக் கருமையாக இருக்கிறது! வெள்ளைப் பூ என்று மனம் சொல்வதைக் கை கேட்கக் கூடாது. அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்த சாம்பல் நிறத்தில் வெள்ளையைச் சேர்த்து நிழல் இதழ்களைத் தீட்டினேன். செம்பை ஒட்டிய இதழின் அடியில் பித்தளையின் மஞ்சள் மெல்ல ஏறியிருக்கிறது; அங்கே துளி மஞ்சள் ஓக்கர். பூவின் குழல்போன்ற கழுத்தில் லேசான பச்சை, நுனி மொட்டுகளில் இளஞ்சிவப்புச் சாயல். சம்பங்கி இதழ் மெழுகுபோல் தடித்தது என்பதால், ஒளி நேரே விழும் விளிம்பில் சின்னப் பளபளப்பு உண்டு. கலப்பில்லாத டைட்டானியம் வெள்ளையை அங்கு மட்டுமே வைத்தேன்.

பூவை முதலில் முடித்துவிட வேண்டும். சம்பங்கி அடியிலிருந்து மேல்நோக்கி விரியும். காலையில் மொட்டாக இருந்தது மறுநாள் மலர்ந்து அமைப்பையே மாற்றிவிடும். செம்பு எங்கேயும் போகாது.

பின்வரிசைப் பூக்களின் ஓரங்களை, வண்ணம் ஈரமாக இருக்கும்போதே, உலர்ந்த தூரிகையால் பின்னணிக்குள் தேய்த்துக் கரைத்தேன். கூர்மையான ஓரம் முன்னால் உள்ள பூவுக்கு மட்டும். மேசைத் துணியில் செம்பின் நிழல் இன்னும் தட்டையாகத்தான் இருக்கிறது. செம்பின் அடியை ஒட்டிய இடத்தை அடர்த்தியாக்கி, விலக விலக ஓரத்தை மென்மையாக்க வேண்டும். இந்தப் பூச்சு காய்ந்ததும் அதில் கை வைப்பேன்.